பெரிதாக்கிய வினாத்தாள்

திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சேர்ந்த முதல் பருவத்தில் நடந்தது.

பொதட்டூர்பேட்டையிலிருந்து வரும் ஜமுனா, பி.காம். முதலாண்டு. சான்றிதழில் 'குறைபார்வை' என்று இருந்தது. குறைபார்வை என்றால் பெரிய எழுத்து என்றுதான் எனக்குத் தெரியும். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஜெராக்ஸ் கடைக்கு நானே போய், மாதிரித் தேர்வு வினாத்தாளை ஏ3 தாளில் பெரிதாக்கி வந்தேன்.

தேர்வு தொடங்கி அரை மணி நேரமாகியும் ஜமுனா எழுதவில்லை. தாளை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "மேடம், சாதா பேப்பர் ஒண்ணு கெடைக்குமா?" என்றாள். பெரிதாக்காத வினாத்தாளைக் கொடுத்தேன். எழுத ஆரம்பித்துவிட்டாள்.

அலுவலக உதவியாளர் கோவிந்தம்மாவும் அதே ஊர்தான். என் காதருகே வந்தார். "பாத்தீங்களா மேடம்? வூட்ல தறியாண்ட ஒக்காந்துகினு அறுந்த நூல முடி போடுது இந்தப் பொண்ணு. என் கண்ணால பாத்தேன். இதுக்குக் கண்ணு தெரியாதாம்!"

எனக்குக் குழப்பம். முந்தின நாள்தான் அவள் கதவில் தோளை இடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற என்னையும் கவனிக்காமல் போனாள். நூல் தெரிகிறது, ஆள் தெரியவில்லையா? நடிக்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தானா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

தேர்வு முடிந்ததும் அவளிடமே கேட்டேன்.

"பைப்புக்குள்ள பாக்கற மாரி மேடம். நடுவுல நல்லாத் தெரியும், சுத்தி ஒண்ணும் தெரியாது. பெருசு பண்ணா ரெண்டு எழுத்துதான் வருது. வரி எங்க போவுதுன்னே புரியல."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"எனக்காவ நீங்களே கடைக்குப் போயிட்டு வந்தீங்க. வேணான்னா கோச்சிப்பீங்கன்னு..."

என் மகளாக இருந்தால் பிடிக்காத தட்டைத் தள்ளிவிட்டிருப்பாள். இவள் என் மனம் நோகக்கூடாதென்று அரை மணி நேரத்தை விட்டிருக்கிறாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பருவத் தேர்வுக்குப் பெரிய எழுத்து வினாத்தாள், கூடுதலாக ஒரு மணி நேரம் இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டிருந்தேன். ஒன்றை வேண்டாம் என்றால் மற்றதும் போய்விடுமோ? இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தேர்வுப் பிரிவுக்குப் போன் செய்தேன்.

"என்ன மேடம், அன்னிக்கு வேணும்னீங்க, இன்னிக்கு வேணாங்கறீங்க. அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியுதா, இல்லியா?" என்றார் அங்கிருந்தவர்.

பக்கத்தில் நின்ற ஜமுனாவிடம் போனைக் கொடுத்தேன்.

"தெரியுது சார். கொஞ்சூண்டு தெரியுது. ஒவ்வொரு வரியா தேடிப் புடிக்கத்தான் நேரமாவுது. எழுத்து சின்னதாவே இருக்கட்டும். நேரத்த மட்டும் எடுத்துடாதீங்க."

அந்தப் பக்கத்திலிருந்து அவர், "ஆங்... இத அப்படியே எழுதி அனுப்பும்மா" என்றார்.

அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஒரு மணி நேரத்துக்கு அனுமதி வந்தது.

இப்போதெல்லாம் சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, "எது இருந்தா உனக்குச் சுலபம், எது இருந்தா தொல்லை?" என்று முதலில் கேட்கிறேன். பதில் புரியாவிட்டால் மறுபடியும் கேட்கிறேன். ஆனால் அன்று மாதிரித் தேர்வில், நானே கொடுத்திருந்த கூடுதல் ஒரு மணி நேரம் முடிந்ததுமே அவள் விடைத்தாளை வாங்கிக்கொண்டேன். என்னால் வீணான அந்த அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளும் கேட்கவில்லை.