டெக்சசின் காற்புள்ளி

காலை 7.50. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினோம். கோபன்ஹேகன் விமான நிலையத்துக்கு மூன்று மணித்தியாலம். முப்பத்திரண்டு குரோனர் கொடுத்து வாங்கிய கோப்பி கையிலேயே ஆறிப்போனது. மகள் மதுரா இரண்டு வருட வேலைக்காக டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனுக்குப் போகிறாள். என் மனைவி வசந்தி சம்மதித்தது ஒரே காரணத்தால்தான்: அவளுடைய அண்ணர் அதே மாநிலத்தில், எல் பாசோவில் இருக்கிறார். காய்ச்சல், தலையிடி என்றால் ஓடிவர ஒரு ஆள்.

அந்தத் தைரியத்தைக் கொடுத்தவன் நான். இணையத்தில் பார்த்துவிட்டு, அந்த மாநிலம் 695 சதுர கிலோமீற்றர், யாழ்ப்பாணக் குடாநாட்டை விடச் சின்னது என்று வீட்டில் அறிவித்தேன். டெக்சஸ் பெரிது என்று கேள்விப்பட்டதுதான். அமெரிக்கர் எதைத்தான் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். வசந்தி ஒரு கிலோ மிளகாய்த்தூளைப் பொதி செய்து, மேலே 'அண்ணைக்கு' என்று எழுதினாள்.

9.00, ஓடென்ச நிலையம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டி பெட்டியாக நடந்துவிட்டு வந்தேன். சும்மா இருக்க முடியாமல் கைபேசியில் அதே பக்கத்தைத் திறந்து உரக்க வாசித்தேன். தலைநகர் ஒஸ்ரின், சனத்தொகை மூன்று கோடிக்கு மேல், பரப்பளவு 695,662. தவளை தன் வாயால் கெடும்.

"அப்பா, அது அமெரிக்கக் கொமா. ஆறு லட்சத்துத் தொண்ணூற்றையாயிரம்" என்றாள் மதுரா.

டென்மார்க்கில் காற்புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம். தொழிற்சாலை வரைபடங்களை முப்பது வருடமாக அப்படித்தான் வாசிக்கிறேன். இப்போது ஆயிரம் மடங்கு பிசகிவிட்டேன். பதினாறு டென்மார்க் அதற்குள் அடங்குமாம். மதுராவுக்கு இது முதலே தெரியும். சொன்னால் அம்மா விடமாட்டா என்று பேசாமல் இருந்திருக்கிறாள்.

"அண்ணை வீடு எவ்வளவு தூரம்?" என்று வசந்தி கேட்டாள்.

"ஆயிரத்து இருநூறு கிலோமீற்றர், அம்மா."

9.20. ரயில் கடற்பாலத்தைக் கடந்து, கடலுக்கு அடியில் சுரங்கத்துக்குள் இறங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஹோர்சன்சில் இருந்து பாரிசும் அவ்வளவு தூரம்தான், கலியாணங்களுக்கு நாங்கள் காரில் போவதில்லையா என்று சமாளித்தேன்.

"கலியாணத்துக்குப் போறம். காய்ச்சலுக்கு ஆர் போறது?" என்றாள் வசந்தி.



10.50, விமான நிலையம். வசந்தி போகாதே என்று சொல்லவில்லை. மிளகாய்த்தூள் பொதியை வெளியே எடுத்து, 'அண்ணைக்கு' என்பதை வெட்டி, 'மதுராவுக்கு' என்று எழுதி மகளின் பைக்குள் வைத்தாள். மதுரா அவளைக் கட்டிப்பிடித்தாள். நான் பயணப்பெட்டியின் பூட்டை மூன்றாம் தரமும் இழுத்துப் பார்த்தேன்.

திரும்பும் ரயிலில் எங்கள் எதிர் இருக்கை வெறுமையாக இருந்தது. ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியதும் வசந்தி என் பக்கம் திரும்பினாள்.

"சனம் எவ்வளவு எண்டு சொன்னனீங்கள்?"

"மூண்டு கோடிக்கு மேல."

"கொமாவை வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"மூண்டு கோடிச் சனத்தில, பிள்ளைக்கு ஒரு கஞ்சி காய்ச்சிக் குடுக்க ஒராள் இருக்காதே?"

நான் கைபேசியை எடுத்து, அந்த இலக்கத்தை இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தேன்.