அத்தைக்கு வறுத்த பெலாச்சான்

என் மாமியாருக்குப் பேய் பயம் கிடையாது, போலீஸ் பயம் கிடையாது, என் மாமனாரிடம் துளியும் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே பயம், தன்னை உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்பதுதான். எங்கள் குடும்பத்தில் எரிக்கும் வழக்கமில்லை, புதைப்போம். பாடையில் போன கங்காணி ஒருவர் பாதி வழியில் எழுந்து தண்ணீர் கேட்டார் என்று ரப்பர் தோட்டத்தில் யாரோ சொன்ன கதை, சின்ன வயதில் அவர் காதில் ஏறியது. பிறகு இறங்கவேயில்லை.

இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு மலாக்காவில் குடித்தனம் நடத்துவது லேசில்லை. சீனர் இடுகாடு, முஸ்லிம்களின் கபர், வெள்ளைக்காரர் கல்லறை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று இருக்கும். நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கிலிருந்து தெங்கேரா கடைத்தெருவுக்கு மீன் வாங்க ரிக்‌ஷாவில் போகும்போது, வழியில் கல்லறை வந்தால் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். "போயிருச்சா?" என்பார். எனக்குக் குறும்பு வந்தால், தாண்டி வெகுதூரம் போன பிறகும், "இன்னும் இல்ல அத்தே" என்பேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள், சம்பல் இடிப்பதற்காகக் காய்ந்த மிளகாயோடு பெலாச்சானை வறுத்துக்கொண்டிருந்தேன். இறாலை உப்பிட்டு இடித்துக் காயவைத்த கட்டி அது. சட்டியில் போட்டால் நாலு வீட்டுக்கு நெடி போகும். அத்தை தும்மிக்கொண்டே வந்தார்.

"இந்தா பாரு புள்ள. நான் செத்துட்டேன்னு எவன் சொன்னாலும் நம்பாத. டாக்டர் சொன்னாலும் நம்பாத. என் பக்கத்துல இதை வறு. நான் தும்மலேன்னாத்தான் தூக்க விடணும். சத்தியம் பண்ணு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு சத்தியம் செய்தேன்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவின் சுதந்திர நாள், நெருங்கிக்கொண்டிருந்த நேரம். என் கணவர் தையல்காரர். கொடி தைக்கும் வேலை குவிந்து, வீடு முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி கிடந்தது. அப்போது பார்த்து அத்தைக்குப் பல்வலி வந்தது. ராத்திரிகளில் பொட்டுத் தூக்கமில்லை. சாம்சு சாராயத்தை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். அத்தை கொப்பளித்தார், துப்பவில்லை. "காசு குடுத்து வாங்கினத எவளாச்சும் துப்புவாளா?" என்றார். பிறகு கொடிக்கு வெட்டியதுபோக மிஞ்சிய வெள்ளைத் துணியால் தாடையை உச்சந்தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, காற்று வரட்டும் என்று ஹால் நடுவில் பாயை விரித்து மல்லாந்து படுத்தார். நான் மீன் வாங்கப் போனேன்.

பக்கத்து வீட்டு அம்மா மலாக்கா செட்டி இனம். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். தட்டில் பலகாரம் கொண்டுவந்தவர், புது வெள்ளைத் துணியில் தாடைக்கட்டோடு நடுவீட்டில் கிடந்த உடம்பைப் பார்த்தார். பிணத்துக்குத்தான் நாம் அப்படிக் கட்டுவோம் என்பது அவருக்கும் தெரியும். வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார். பதிலில்லை. தெருவுக்கு ஓடிவிட்டார்.

நான் திரும்பியபோது வாசலில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். கடையிலிருந்து ஓடிவந்த என் கணவர், கிட்டே போகவும் தெம்பில்லாமல் படியில் உட்கார்ந்து தேம்பினார். அவசரக்காரர் ஒருவர் பாடைக்கு மூங்கிலே வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். காலையில்தான் உப்புக்காக என்னோடு சண்டை போட்ட மனுஷி. பிறகு சத்தியம் நினைவுக்கு வந்தது. மீன் கூடையைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"சாவு வீட்டுல அடுப்பு மூட்டுறா பாரு," என்றது ஒரு குரல்.

"மருமவளுக்குப் பசி தாங்கல போல," என்றது இன்னொன்று.

பிணத்தை எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அது எனக்கும் தெரியும். அத்தை நிஜமாகவே போயிருந்தால், ஆயுசுக்கும் இந்தத் தெருவில் நான் தலை நிமிர முடியாது. போகாமல் இருந்தால்? புகையும் சட்டியோடு போய் அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

முதலில் இருமியது ஒப்பாரிக்காரிகள்தான். அடுத்து அத்தையின் மூக்கு நெளிந்தது. ஒரே தும்மல், தாடைக்கட்டு அவிழ்ந்து கழுத்துக்கு வந்தது.

"எவ அது, பெலாச்சானைக் கருக விடுறது?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அத்தை கூட்டத்தைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் ஒப்பாரிக்காரிகளைக் கூப்பிட்டு, தன்னைப் பற்றி என்னென்ன பாடினார்கள் என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவர்களுக்கு வெட்கம் தாங்கவில்லை. அடுப்புதான் எரிகிறதே என்று மீனைக் குழம்பு வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சம்பலோடு சோறு போட்டோம். அந்த மூங்கிலில்தான் மெர்டேக்காவுக்குக் கொடி கட்டினோம்.

அதன்பின் ரிக்‌ஷாவில் அத்தை முகத்தை மூடவில்லை. கல்லறைகளைப் பார்த்தபடியே, "இவ விடமாட்டா," என்பார்.

பல வருஷம் கழித்து அத்தை போனார். டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். நான் அடுப்பை மூட்டினேன், யாரும் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா தன் வீட்டு பெலாச்சானைக் கையோடு கொண்டுவந்திருந்தார். தலைமாட்டில் சட்டியை வைத்தேன். வீடே இருமியது, அத்தையைத் தவிர.

"லாகி சிக்கிட்," என்றார் அந்த அம்மா, இன்னும் கொஞ்சம் போடு என்று.

போட்டேன்.