மாத்திரையில் பங்கு

குடவாசல் கமருன்னிஸாவுக்கு எச்.ஐ.வி. மாத்திரை கேட்காமல் போய்விட்டது. வேறு மருந்தைத் தேர்வு செய்யவிருந்த தஞ்சாவூர் டாக்டர் கேட்டார்: "நடுவுல விட்டீங்களாம்மா? மறைச்சா தப்பான மருந்தைக் கொடுத்துடுவேன்."

மாத்திரைகளில் பாதியைக் கணவர் உபைதுல்லாவுக்குக் கொடுத்துவந்தாள். துபாயில் ரத்தப் பரிசோதனை செய்து திருப்பியனுப்பப்பட்டவர், ஊர்க்காரர் பார்த்துவிடுவார்களென்று எச்.ஐ.வி. மாத்திரைக்காக எந்த ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை. நோயைக் கொடுத்தவர் அவர். அவர் மானத்தைக் காப்பது மட்டும் அவள் கடமையாம்!

சொன்னால் வீட்டில் என்ன ஆகும்? இருந்தும் சொல்லிவிட்டாள்.

"அவருக்கும் கேட்காம போயிருக்கும். டெஸ்ட் எடுக்கணும், கூட்டிட்டு வாங்க."

"வரமாட்டாங்களே, டாக்டர்."

"இங்க வரலைன்னா, உங்க ஊர்ப் பக்கம் மாத்திரை தர்ற மையத்துக்காவது போவாரா?" என்றார் டாக்டர்.

வராந்தாவில் நின்று கைபேசியில் கணவரை அழைத்தாள்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். கிளம்பி வாங்க. புது மாத்திரையில பங்கு கிடையாது."

"எந்த பஸ்ஸுல வர்றீங்க?" என்று கேட்டாள். பதில் வரும்வரை போனை வைப்பதாயில்லை.