மைனஸ் மூன்றில் கார் கழுவியவர்

2008 ஜனவரி 16, புதன்கிழமை. சவூதி அரேபியாவின் வடக்கே, ஹாயில் நகரில் அதிகாலைக் குளிர் மைனஸ் மூன்று. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து போன வீட்டு டிரைவர் உமாபதி அந்தக் குளிரில் ஒரு காரைக் கழுவினார். வழக்கத்தைவிட அதிகமாகவே தண்ணீர் ஊற்றினார். காரணம் இருந்தது.

அன்று காலை பத்து மணிக்கு அவருடைய கபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி அபூ துர்க்கி, பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போவதாக இருந்தது. கபீல் போய் முத்திரை வாங்கினால்தான் டிரைவர் விமானம் ஏற முடியும். உமாபதி மூன்று வருஷமாக ஊருக்குப் போகவில்லை. ஊரில் மனைவி பானுமதிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. சீக்கிரம் எடுக்காவிட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பானுமதியின் அக்கா இதே மாதிரி ஓர் ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பாதவர். அதனால் புருஷன் வந்து வெளியே நின்றால்தான் மேஜையில் படுப்பேன் என்று பானுமதி பிடிவாதமாக இருந்தார். டாக்டர் குறித்துக் கொடுத்த இரண்டு தேதிகள் அப்படியே போய்விட்டன.

லீவை வாங்கிக் கொடுத்தவர் கபீலின் தாய். எழுபதைத் தாண்டியவர், வீட்டில் எல்லோரும் ஹஜ்ஜா என்பார்கள். ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போகும்போது பின் சீட்டிலிருந்து, "முகம் ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டார். உமாபதி தெரிந்த அரபியில் பாதியும் கைஜாடையில் பாதியுமாகச் சொன்னார். ஹஜ்ஜா வீட்டுக்கு வந்ததும் மகனைக் கூப்பிட்டார். "இவன் மனைவி அங்கே படுத்துக் கிடக்கிறாள். இவன் என்னைத் தக்காளி வாங்கக் கூட்டிப் போகிறான். வெட்கமாக இல்லையா உனக்கு?" மகனுக்கு வெட்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும். புதன்கிழமை போகிறேன் என்றார்.

அந்தப் புதன்கிழமைக்காகத்தான் வண்டி பளபளக்க வேண்டும் என்று உமாபதி நினைத்தார்.

சூரியன் வருவதற்கு முன் கழுவுவது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். வந்த முதல் கோடையில் காலை ஒன்பது மணிக்குக் கழுவினார். வெயில் சோப்பை அப்படியே காயவைத்து, வெள்ளை வண்டி முழுக்கத் திட்டுத்திட்டாகக் கறை. அபூ துர்க்கி விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "வண்டிக்கு அம்மை போட்டிருக்கிறதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து விடிவதற்குள் கழுவி முடிப்பார். கோடைக்கு அது சரி. குளிர்காலத்துக்கு வேறு முறை வேண்டும் என்று யோசிக்க அவருக்கு இடமே இல்லை. பட்டுக்கோட்டையில் மார்கழி என்றால் தலைக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். ஹாயிலிலும் முந்தைய குளிர்காலங்கள் இவ்வளவு மோசமில்லை.

அந்த வீட்டில் பனியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் பணிப்பெண் சுகந்தா. இலங்கை மலையகத்தில், நுவரெலியாவுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். டிரைவரும் பணிப்பெண்ணும் பேசிக்கொள்வதை வீட்டார் விரும்ப மாட்டார்கள். அதனால் அவள் சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவியபடி, தலையைத் திருப்பாமல் பேசுவாள். செவ்வாய்க்கிழமை மாலையும் அப்படித்தான்.

"அண்ணே, நாளைக்கும் கருக்கல்லயே கழுவப் போறீங்களா?"

"பின்ன? வெயில் வந்தா சோப்பு காஞ்சிரும்."

"எங்கண்ணே வருது வெயிலு? மத்தியானமா கழுவுங்க. எங்க தோட்டத்துல தை மாசம் காலையில பாத்தா, புல்லு மேல உப்பு தூவின மாதிரி கெடக்கும். கொழுந்தெல்லாம் கருகிப் போயிரும்."

"தேயிலைக்கும் காருக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஊத்துற தண்ணி தரையில கல்லாயிரும்னு சொல்றேன்."

"பாலைவனத்துல ஐஸு! நல்லாக் கதை விடுறே. மத்தியானம் கழுவுனா முதலாளி பாபா பத்து மணிக்கு அழுக்கு வண்டியிலயா போவாரு?"

"போனா என்ன, முத்திரை மட்டும் அழுக்கா விழுமா?"

உமாபதி சிரித்துவிட்டுப் போனார்.

விடியற்காலை ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். கூரை, கண்ணாடி, கதவு இடுக்கு, சக்கரம் எல்லாவற்றுக்கும் குழாயால் தண்ணீர் அடித்தார். முடித்ததும், எப்போதும் போல முற்றத்து மார்பிள் தரையிலும் தண்ணீர் விட்டுச் சோப்பு நுரையை கேட் வரைக்கும் தள்ளினார். கொடியில் போட்ட துடைக்கிற துணி கொஞ்ச நேரத்தில் அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. அதைச் சுகந்தாவிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தபடி, கேட்டுக்குப் பக்கத்திலிருந்த தன் அறைக்குப் போய் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

தொழுகை முடித்து, லேசாக வெளிச்சம் வந்ததும், புறாக்களுக்குக் காய்ந்த ரொட்டி போட ஹஜ்ஜா முற்றத்தில் இறங்கினார். தினமும் செய்கிற காரியம்.

உமாபதிக்கு முதலில் கேட்டது தட்டு விழுந்த சத்தம். பிறகு ஹஜ்ஜாவின் குரல். ஓடினார், இரண்டாவது அடியிலேயே முழங்கால் அடிபட விழுந்தார். தரை ஈரமாக இருப்பதைப் போலத்தான் தெரிந்தது. தொட்டுப் பார்த்தபோது ஈரம் இல்லை.

அபூ துர்க்கி வெளியே வந்து தாயைப் பார்த்தார். "வண்டி! யல்லா, வண்டியை எடு!"

வண்டிக் கதவு திறக்கவில்லை. ரப்பர் ஓரத்தில் தங்கிய தண்ணீர் உறைந்து, நான்கு கதவுகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. அபூ துர்க்கி இழுத்த இழுப்பில் கைப்பிடி கையோடு வந்தது. உமாபதி சமையலறை வாசலுக்கு ஓடி, கொதிக்கிற கெட்டிலை வாங்கிக்கொண்டு திரும்பினார். வீட்டார் கேட்டால் கேட்கட்டும் என்று சுகந்தா பின்னாலிருந்து கத்தினாள்.

"கொதிக்கிறத ஊத்தாதீங்க அண்ணே, கண்ணாடி வெடிச்சிரும்! பச்சத்தண்ணி கலந்து ஓரத்துல ஊத்துங்க!"

கலந்து ஊற்றினார். கதவு திறந்தது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியைக் கொண்டுவந்து, கம்பளியோடு ஹஜ்ஜாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். திறந்த கதவோடு, சுத்தமான வண்டியின் பக்கத்தில் உமாபதி நின்றுகொண்டிருந்தார்.

இடுப்பெலும்பு முறிவு. அபூ துர்க்கி சாயங்காலம்தான் திரும்பினார். வெயில் பட்டுக் காய்ந்துவிட்ட முற்றத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டவில்லை.

"பாபா," என்றார் உமாபதி, "பாஸ்போர்ட் ஆபீஸ்... வியாழன், வெள்ளி லீவு. சனிக்கிழமை?"

"மாஃபி. கிடையாது."

"என் மனைவிக்கு..."

"உன் மனைவிக்காக வாதாடினது யார்? என் தாய். அவர் நடக்கட்டும். நடக்கிற அன்றைக்கு நீ போ. கலாஸ், அவ்வளவுதான்."

ஹஜ்ஜா இடுப்பில் உலோகத் தகட்டோடு வீட்டுக்கு வந்தார். வாரம் மூன்று நாள் கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும். சாலையில் எந்த மேடு எங்கே இருக்கிறது என்று தெரிந்து மெதுவாக ஓட்டுகிறவர் உமாபதி ஒருவர்தான். வேறு யார் வண்டியிலும் ஏற மாட்டேன் என்றார் ஹஜ்ஜா. விழுந்ததற்கு அவர் யாரையும் குறை சொல்லவில்லை. எழுதப்பட்டது நடந்தது என்றார். பின் சீட்டில் வலியோடு சாய்ந்துகொண்டு, "மனைவி எப்படி இருக்கிறாள்?" என்று இன்னும் கேட்கிறார். நன்றாக இருக்கிறாள் என்கிறார் உமாபதி. "நான் நடந்ததும் நீ போய்விடலாம், மகனே," என்கிறார் ஹஜ்ஜா. அது எப்போது என்று ஆஸ்பத்திரியில் அபூ துர்க்கி கேட்டபோது உமாபதியும் பக்கத்தில் இருந்தார். இந்த வயதில் ஆறு மாதத்தில் கம்பு ஊன்றி நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றார் டாக்டர்.

இப்போது உமாபதி மத்தியானத்தில்தான் கழுவுகிறார். ஒரு வாளி தண்ணீரோடு சரி, குழாய் கிடையாது. கதவு ரப்பர்களை உலர்ந்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். முற்றத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் துடைத்து, மேலே உப்பும் மணலும் தூவுகிறார். சுகந்தா ஜன்னலில் நின்று பார்க்கிறாள்.

ஹஜ்ஜா விழுந்து இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமையே அவர் ஊருக்கு போன் செய்திருந்தார்.

"என்னங்க, டிக்கெட் போட்டாச்சா?"

"ஹஜ்ஜா விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு போச்சு."

"அய்யோ. எப்பிடிங்க?"

"தரையில ஐஸு."

"பாலைவனத்துலயா? பொய் சொல்ல வேற ஒண்ணும் கெடைக்கலியா உங்களுக்கு?" பானுமதி சிரித்தார். மறுபக்கம் சிரிப்பு இல்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். "தரையில எப்பிடி ஐஸு வந்துச்சு?"

"தண்ணி கெடந்துச்சு. உறைஞ்சிருச்சு."

"பாவம் அந்தம்மா. நல்லாப் பாத்துக்குங்க. அவங்க புண்ணியத்துலதான லீவு கெடைச்சது."

உமாபதி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்ப எப்ப வருவீங்க?"

"அவங்க நடக்கணும்."



"இன்னைக்குக் காலையிலகூட மயக்கம் வந்துச்சு," என்றார் பானுமதி. "இனிமே தள்ள முடியாதுங்க."

"நீ ஆபரேஷனுக்குப் படுத்துரு. முத்துராமன் வந்து நிப்பான்."

முத்துராமன் உமாபதியின் தம்பி.

"உங்க தம்பி டீ குடிக்கப் போயிருவாரு."

"போக வேண்டாம்னு சொல்றேன்."

"சொல்லுங்க," என்றார் பானுமதி. கார்டில் காசு தீர்ந்து லைன் கட்டானது.

ஆபரேஷன் பிப்ரவரி 18, திங்கட்கிழமை காலை, தஞ்சாவூரில். வெளியே முத்துராமன் நிற்கிறார். ஹாயிலில் அன்று ஹஜ்ஜாவுக்குக் கால் பயிற்சி இருக்கிறது. ஒன்பது மணிக்கு உமாபதி வண்டியை எடுக்க வேண்டும்.