அந்தக் கம்பனித் தோட்டா ஏன் வெடிக்கவில்லை

"கம்பனித் தோட்டா எப்போதாவது உங்களைக் கைவிட்டிருக்கிறதா?"

இன்று காலை இணையத்தில் ஒரு வேட்டைக்காரர் குழுவில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். கீழே ஒரே சண்டை. இந்தக் கம்பனி திறம், அந்தக் கம்பனி குப்பை.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு.

(ஓம், யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் மான் வேட்டைக்குப் போகிறவன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில் மல்வேர்ன் என்ற இடத்தில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் நானும் மனைவி வசந்தியும். கலியாணமாகி இரண்டு வருடம். ஃபக்டரியில் என்னோடு வேலை செய்த கார்ல்தான் என்னை வேட்டைக்கு இழுத்தவர். வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்தேன்.

துவக்கு (துப்பாக்கிதான்) கார்லுடையது. அவர் வீட்டிலேயே பூட்டிக் கிடக்கும். தோட்டாவை மட்டும் நான் வாங்கினேன், இருபது கொண்ட பெட்டி. பத்தைச் சுட்டுக் குறியைச் சரிபார்த்தோம். எல்லாம் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவுக்குள் விழுந்தன. வேட்டைக்கும் இதே பெட்டியில் இருந்துதான் எடுக்க வேண்டும், கம்பனி மாறினால் குறியும் மாறும் என்றார் கார்ல்.

மிச்சம் பத்தை ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போட்டு, வசந்தியின் சேலைகள் இருந்த சூட்கேசில் வைத்துப் பூட்டினேன். (எங்கள் வீடுகளில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.)

நவம்பரில் வடக்கே காட்டுக்குப் போனோம். காலை எட்டு மணியளவில் ஒரு கொம்பு மான் வெளியே வந்து, பக்கம் காட்டி நின்றது. எண்பது யார் தூரம் இருக்கும். விசையை இழுத்தேன்.

டிக்.

அவ்வளவுதான். மான் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பிறகு ஆறுதலாக நடந்து போய்விட்டது. பிந்தியும் வெடிக்கலாம் என்பதால், துவக்கை வெறும் மண்மேட்டுப் பக்கம் பிடித்தபடி ஒரு நிமிடம் அசையாமல் இருந்தேன்.

தோட்டாவைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடியில் துவக்கின் ஊசி குத்திய அடையாளம் நல்ல ஆழம். துவக்கில் பிழை இல்லை. கார்ல் மற்றத் தோட்டாக்களையும் வாங்கிப் பார்த்தார். சிலவற்றில் மெல்லிய பச்சைக் களிம்பு படிந்திருந்தது. எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். சூட்கேசில் என்றேன். அப்படியானால் கம்பனிக்குக் கடிதம் எழுது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். என்ன எழுதுகிறீர்கள் என்று வசந்தி கேட்டாள். சொன்னேன்.

"கம்பனியில பிழையில்லை," என்றாள். "நான்தான் தண்ணிக்குள்ள போட்டனான்."

நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், கட்டடப் பராமரிப்பாளர் நெருப்பு அலாரம் சோதிக்க இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கதவுத் துவாரத்தால் பார்த்தவளுக்குத் தெரிந்தது இரண்டு யூனிஃபோர்ம் மட்டும். உடனே சூட்கேசைத் திறந்து, பெட்டியை டொய்லெட் தண்ணீர்த் தாங்கிக்குள் அமுக்கியிருக்கிறாள். அது மிதந்திருக்கிறது. தோட்டாக்களை உள்ளே கொட்டிவிட்டுப் போய்க் கதவைத் திறந்திருக்கிறாள்.

வந்தவர்கள் இரண்டு நிமிடத்தில் போய்விட்டார்கள். திரும்பி வருவார்கள் என்று இவள் ஒரு கிழமை அப்படியே விட்டிருக்கிறாள். பிறகு ஒவ்வொன்றாகத் துடைத்து, பழையபடி வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

"நீர் ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் சிரிப்பியள்."

உண்மை. அப்போதும் சிரிப்பு வந்தது.

"இஞ்ச அதுக்கெல்லாம் பிடிக்கமாட்டாங்கள். என்னட்ட லைசென்ஸ் இருக்கு."

"அண்ணாவை எதுக்குக் கொண்டு போனவங்கள்?"

அவளுடைய அண்ணாவின் மேசை லாச்சியில், எங்கோ பொறுக்கிய ஒரு தோட்டாக் கோது கிடந்தது. சுட்டு முடிந்த வெறுங்கோது. ஊரில் இராணுவம் வீட்டைச் சோதித்தபோது அகப்பட்டது. கொண்டுபோனவர்கள் அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

இது எனக்குத் தெரியாத கதை அல்ல. கலியாணம் பேசும்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் பத்துத் தோட்டாக்களை அவளுடைய சேலைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அடுத்த நாளே தோட்டாக்கள் எல்லாம் கார்ல் வீட்டுக்குப் போய்விட்டன. நடந்ததைச் சொன்னேன். அவர் தன் பூட்டுப்பெட்டியில் எனக்கு ஒரு தட்டை ஒதுக்கித் தந்தார்.

ஆகவே, குழுவில் கேட்ட நண்பருக்கு: கம்பனித் தோட்டா என்னைக் கைவிடவில்லை.

இன்றைக்கும் நவம்பரில் வேட்டை முடிந்து வந்தால், வாசலிலேயே நின்று ஜக்கெற் பொக்கற்றுகளை வெளியே இழுத்துக் காட்டுவேன். கையுறை, கார்ச் சாவி, கசங்கிய டிஷ்யூ. காட்டச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"நான் என்ன, சென்றியில நிக்கிற ஆமிக்காரனே?" என்று சிரிப்பாள்.

சிரித்துக்கொண்டே கடைசிப் பொக்கற்றையும் பார்ப்பாள்.