ஆமை புகுந்த கம்ப்யூட்டர்

கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைத்த ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது என்பதா, இல்லை என்பதா? இரண்டாம் வகுப்பில் எனக்கு வந்த சந்தேகம். இன்றுவரை பதில் தெரியவில்லை.

அப்போது புதுப்பட்டினத்தில் இருந்தோம். பள்ளியில் கம்ப்யூட்டர் மிஸ் எங்களுக்கு லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுத்தார். திரையின் நடுவில் சிறிய முக்கோணம் ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் ஆமை. முன்னே போ, திரும்பு என்று தட்டினால் நடந்துபோய்க் கோடு போடும். "நம்ம பீச்சுக்கு முட்டை போட வருதே, அது இல்ல. இது சமத்து, சொன்ன பேச்சு கேக்கும்" என்றார் மிஸ். அந்தச் சமத்தை அப்பா எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஏற்றித்தந்தார்.

அம்மாவைப் பிரசவத்துக்காகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாள் அது. அப்பாவும் அங்கே இருந்ததால் எனக்குத் துணையாக அத்தை வந்திருந்தார். நான் ஆமையைச் சதுரமாக நடக்கவிட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பேசிவிட்டு வந்த அத்தை என் பின்னால் நின்றார்.

"இன்னாடி அது?"

"ஆமை அத்தை. ஹோம்வொர்க்."

"ஆமையா? பெத்தவ ஆஸ்பத்திரில கீறா, நீ வூட்டுக்குள்ள ஆமைய வுட்டுகினு கீறியா? ஆமை பூந்த வூடு உருப்படுமாடி? தொரத்து அத்த!"

அம்மாவுக்கும் பாப்பாவுக்கும் என்னால்தான் ஏதோ ஆகப்போகிறது என்று பயந்தேன். 'ஹைட் டர்ட்டில்' என்று தட்டினேன். ஆமை மறைந்தது.

"பூட்ச்சா?"

முன்னே போ என்று சொல்லிப் பார்த்தேன். ஆமை இல்லாமலே கோடு நீண்டது. உள்ளேதான் இருந்தது! மறுபடி வரவழைத்து, பெரிய எண்ணாகக் கொடுத்துத் திரைக்கு வெளியே ஓட்டினேன். மேல் விளிம்பைத் தாண்டிப் போனது, கீழ் விளிம்பு வழியாகத் திரும்பி வந்தது.

"ஐயே, தொரத்தினாலும் வருதே!" அத்தை பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது. உள்ளே அது விழித்துக்கொண்டிருக்கும் என்றே நான் அழுதேன்.

மாலையில் மறுபடி போன். அத்தை ரிசீவரை என் காதில் வைத்தார். "தம்பி பொறந்துட்டான்டா கண்ணு. அம்மா நல்லா இருக்கா" என்றார் அப்பா.

"அப்போ ஆமை போயிடுச்சாப்பா?"

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தானே பிளக்கைச் செருகினார். "உன் ஆமைய கூப்புடு. பாவம், துன்னாம கெடக்கும்."

அம்மாவை அவசரமாக ஆபரேஷனுக்கு எடுத்துப்போகிறார்கள் என்று சொல்லத்தான் காலையில் அந்தப் போன் வந்திருக்கிறது. அத்தைக்குத் திட்டுவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது, ஆமை அகப்பட்டது. இதெல்லாம் அன்று எனக்குப் புரியவில்லை.

அந்தத் தம்பிதான் இன்று என் மகளுக்குக் கோடிங் சொல்லித்தருகிறான். அவள் அப்பா ஈசிஆர் ரோட்டில் பைக்கில் வரத் தாமதமானால், நான் அவளுடைய டேப்லெட்டைத் திட்டுகிறேன். "ஏம்மா கத்தற?" என்கிறாள். ஒன்றுமில்லை என்று மறைக்கிறேன். வண்டிச் சத்தம் கேட்டதும் எனக்கு உயிர் வருகிறது; அவள் முகம் மட்டும் தெளிவதில்லை. பயத்தைச் சின்னக் குழந்தையிடம் சொல்லிவிடலாமா, சொன்னால் அவளும் பயப்படுவாளா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்களேன்.