மேலுதட்டில் பிறந்த எழுத்து

என் மாமா பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பசிபிக் கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவின் மொழியை ஆராயும் படிப்பில் சேர்ந்தபோது எனக்கு ஏழு வயது. அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. ஜெர்மனியில், பான் நகரில் எங்களோடுதான் இருந்தார். தம்பி எஞ்சினியராகப் போகிறான் என்று டோர்ட்மண்டில் இருக்கும் சொந்தக்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருந்த அம்மா, அன்றோடு அவருடன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சோற்றைக் குறைக்கவில்லை.

நான் மாமாவின் கட்சி. அவர் தீவுக்காரர்களின் ஒலிப்பதிவைக் கேட்டபடி கண்ணாடி முன் நின்று பழகுவார். அந்த மொழியில் ஒரு 'ப' உண்டு. அதற்கு உதடுகள் சேரக் கூடாது. நாக்கு நுனி மேலுதட்டைத் தொட்டு விலக வேண்டும். மாமாவுக்கு ஒரு மாதம் பிடித்தது எனக்கு ஒரே பின்னேரத்தில் வந்துவிட்டது. வந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் பாடத்தில் இருந்த 'ப' எல்லாவற்றையும் அப்படியே வாசித்தேன்.

நான் நாக்கை நீட்டிப் பழிக்கிறேன் என்றுதான் ஆசிரியை முதலில் நினைத்தார். பிறகு, எனக்குப் பேச்சில் குறை இருக்கலாம், வேறு பள்ளிக்கு மாற்றுவது பற்றிப் பேச வேண்டும் என்று கடிதம் வந்தது. அம்மா அதை மூன்று தரம் வாசித்தார். ஆசிரியையைச் சந்திக்கக் குறித்திருந்த டெர்மினுக்கு, யாரும் கூப்பிடாமலே மாமாவும் வந்தார்.

பிள்ளையில் குறை இல்லை, பிழை தன்னுடையது என்று ஆசிரியையிடம் சொல்லி, ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். ஆசிரியை தானும் நாக்கை மேலுதட்டில் வைத்து முயன்றார். வரவில்லை. நான் சொல்லிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, கடிதத்தை மறந்துவிடும்படி அம்மாவிடம் சொன்னார்.

திரும்பி வரும்போது ட்ராமில் அம்மா மாமாவைப் பார்த்து, "அக்கா எண்டுறதை அந்தத் தீவுக்காரர் எப்பிடிச் சொல்லுவினம்?" என்று கேட்டார்.

"வெறுமன அக்கா எண்டு சொல்லேலாது. ஆரின்ரை அக்கா எண்டதும் அந்தச் சொல்லுக்குள்ளையே இருக்க வேணும்," என்றார் மாமா. "நான் சொன்னா, 'என்ரை அக்கா' எண்டுதான் வரும்."

அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினார். அதன் நடுவில் அந்தப் 'ப' இருந்தது. அம்மா திருப்பிச் சொல்லவில்லை. கண் கலங்க, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

'ப' வராத கவலையாக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் நானே பழக்கிவிடுகிறேன் என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.